சேக்காளியை ஊரில் விட்டுவிட்டு வந்த அம்மா: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சென்னையில் ஒரு மனநலப் புறநோயாளர் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இதில் வரும் இரண்டு பெண்களிடமும் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சைக்கு வந்தவரை அம்மா என்றும் மற்றவரைத் தோழி என்றும் குறிப்பிடுகிறேன். அவர்கள் ஊரில் தோழி என்று யாரும் சொல்வதில்லை, சேக்காளி என்பார்கள். முதல் ஒரு மாதம் இதில் நான் தவறான திசையில் போனேன், எழுதுவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பின்னணி

அம்மாவுக்கு அப்போது 55 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, ஆடு மேய்த்து, பதினெட்டில் கல்யாணமாகி, 23 வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தபோது, 1991இல் அந்த மாவட்டத்துக்கு, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. தோழியும் அதே வயதுதான், ஆனால் எட்டு வரை படித்தவர், அதனால் அவர் தெருவுக்குத் தொண்டராகப் போனார். ராத்திரி சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, எட்டுப் பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார். அந்த எட்டுப் பேரில் அம்மாவும் ஒருவர்.

அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அறிவொளியோடு சேர்த்தார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த கதை, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். இந்த இருவரும் கண்மாய்க் கரையில், தோழியின் அண்ணன் சைக்கிளில் பழகினார்கள். ஒருத்தி ஓட்ட, ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். இதை என்னிடம் சொல்லும்போது அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஹேண்டில்பார் பிடிப்பதுபோல் நீட்டிக்கொண்டார், முழங்கை லேசாக மடங்கியிருந்தது. "பிடிச்சிருக்கியாடின்னு கேட்டேன், பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு சத்தம் மட்டும் வருது, திரும்பிப் பார்த்தா அவ அங்கிட்டு வேப்ப மரத்துக்கிட்ட நிக்கிறா தாயி."

அதற்கப்புறம் முப்பது வருஷம். பிள்ளைக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் இவர் சைக்கிளை எடுக்க, அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவார். தோழியின் வீட்டுக்காரர் குடித்துவிட்டு ஆடிய வருஷங்களில் அவர் பிள்ளைகள் சாப்பிட்டது அம்மா வீட்டில்தான். மகளிர் சுய உதவிக் குழு தொடங்கியபோது தோழி ஊக்குநர், அம்மா கணக்கு எழுதுகிறவர். அறிவொளியில் எழுத்துப் படித்த அம்மா, குழுவில் இருந்த 14 பேரின் சேமிப்பு, கடன், வட்டி, அபராதம் அத்தனையும் பதிவேட்டில் ஏற்றினார், தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லையாம். 2018 நவம்பரில் கஜா புயலில் தோழியின் ஓட்டு வீடு விழுந்தது, கரண்ட் இல்லாத அத்தனை நாளும் இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்தன.

2022 ஐப்பசியில் அம்மாவின் கணவர் மாரடைப்பில் இறந்தார். தை முடிந்ததும் மகன் வந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தனியாக விடக் கூடாது என்ற அக்கறைதான், வேறு எதுவும் இல்லை. அடுக்குமாடியில் ஆறாவது மாடி, மகன் மருமகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஏழு வயதில் ஒரு பேரன்.

கண்டது

ஏப்ரலில் ஆரம்பித்திருக்கிறது. உடம்பெல்லாம் எரியுது, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குது, சோறு இறங்கமாட்டேங்குது. இசிஜி, தைராய்டு, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று, எதிலும் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆறு கிலோ இளைத்துவிட்டார். ஜூலை 2023இல் ஒரு பொது மருத்துவர் எங்கள் பிரிவுக்கு அனுப்பினார். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 27க்கு 16 வந்தது, மதிப்பெண் கூடக் கூடச் சோர்வு அதிகம். தற்கொலை எண்ணம் இல்லை, ஆனால் "இருந்து என்ன ஆகப் போகுது" என்ற பேச்சு இருந்தது. மருத்துவர் மனச்சோர்வு என்று கணித்து மாத்திரை தொடங்கினார். குடும்ப விவரம் எடுப்பதும் ஆலோசனையும் என் பொறுப்பு.

வீட்டில் அன்புக்குக் குறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருமகள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தார், மாத்திரை வேளையைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார். அம்மா அடுப்படிக்குப் போனால் "நீங்க உட்காருங்கத்தை, நான் பாத்துக்கறேன்" என்பார். மகன் டிவியில் தனி சேனல் பேக் போட்டுக் கொடுத்திருந்தார். என்ன கறி வாங்குவது, எப்போது தூங்குவது, எந்தக் கோயிலுக்கு எந்த நாள் போவது, எல்லாம் அவருக்காக மற்றவர்கள் யோசித்து முடித்திருந்தார்கள். லிஃப்டில் தனியாக ஏறப் பயம் என்பதால் மகன் கூப்பிடாமல் கீழே இறங்க மாட்டார். ஐந்து மாதத்தில் அவர் தானாக முடிவெடுத்துச் செய்த ஒரு காரியம் சொல்லுங்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "துளசிக்குத் தண்ணி ஊத்துவேன்" என்றார்.

நான் அன்றைக்கு வழக்கப்படி குடும்ப மரப்படம் வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. அம்மா பேச்சில் "அவ இருந்தா", "அவகிட்ட சொன்னா" என்று மூன்று தடவை வந்தது, நான் தங்கச்சி என்று நினைத்து தங்கச்சியின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்தப் படத்தில் சேக்காளிக்கு இடமே கிடையாது. நான் வரைந்த முறையில் ரத்தம், தாலி இரண்டில் ஒன்று இருந்தால்தான் கோடு.

முதல் முடிவும் அது பலிக்காததும்

கணவர் போன துக்கம், ஊரை விட்ட தனிமை, இதுதான் பிரச்சினை என்று கணித்தேன், பாதி சரிதான். தனிமைக்கு ஆட்கள் வேண்டும் என்று நினைத்து, அந்தக் குடியிருப்பில் காலையில் கூடும் பெண்கள் குழுவில் சேர்த்துவிடச் சொன்னேன். அங்கே யோகா, பஜனை, வாரம் ஒரு தடவை சிற்றுண்டி. பெரும்பாலும் 65ஐத் தாண்டியவர்கள், வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மரியாதையாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். மூன்று வாரம் போனார். நாலாவது வாரம் எரிச்சலும் நெஞ்சடைப்பும் முன்னைவிட அதிகம் என்று மருமகள் போன் செய்தார்.

"எல்லாரும் நல்லவங்கதான் தாயி. சாப்டீங்களாம்பாங்க, சாப்டேன்னு சொல்லுவேன். நான் யாருன்னு அவங்களுக்கு எங்க தெரியும்?"

இந்த ஒரு வாக்கியத்தை நான் முன்பே படித்த விஷயத்தோடு பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். உளவியலாளர்கள் பாமைஸ்டரும் லியரியும் 1995இல் எழுதிய கட்டுரையில், மனிதருக்குச் சேர்ந்திருக்கும் தேவை நிறையப் பேரைப் பார்ப்பதால் தீராது, ஒரு சிலரோடாவது அடிக்கடி பழக்கமும் நீடித்த அக்கறையும் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஐம்பது மணி நேரம் போலவும், நெருங்கிய நண்பராக இருநூறு மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள், எண்ணிக்கையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது, ஆனாலும் மூன்று வாரக் காலைக் கூட்டத்தில் நான் எதிர்பார்த்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். வயது ஏற ஏற ஆட்கள் புது அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு ஏற்கெனவே நெருக்கமான சிலரிடமே நேரத்தைச் செலவழிக்க விரும்புவார்கள் என்பது லாரா கார்ஸ்டென்சன் பல வருஷமாகக் காட்டிவரும் விஷயம். நான் அதற்கு நேர் எதிராக அவரைத் தள்ளியிருக்கிறேன்.

"அவ" யார்

ஆகஸ்ட் கடைசியில், மூன்றாவது சந்திப்பில், மறுபடியும் "அவ" வந்தது. இந்தத் தடவை கேட்டேன், "யாரும்மா அவ?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை என் மேசை விளிம்பைப் பார்த்துப் பேசியவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கண்மாய்க் கரை, அரிக்கேன் விளக்கு, சைக்கிள், குழு எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் வந்ததுதான். பேசி முடித்துவிட்டு அழுதார். சேக்காளியிடம் பேசி மூன்று மாதம் ஆகிறதாம்.

காரணம் கேட்டால் மிகச் சின்னது. அம்மாவிடம் இருந்தது மகனின் பழைய ஸ்மார்ட்போன், அதில் தானாக நம்பரைத் தேடி எடுக்கத் தெரியாது. பேரன்தான் போட்டுக் கொடுப்பான், ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டு ஓடிவிடுவான். ஒருநாள் ஹாலில் எல்லாரும் இருக்கும்போது தோழி எடுத்த எடுப்பில், "ஏண்டி, உம் மருமக சோறு போடுறாளா, இல்லை பட்டினி போடுறாளா?" என்றிருக்கிறார். ஊரில் இது வெறும் கிண்டல், சாப்பிட்டாயா என்பதற்கு இன்னொரு சொல். மருமகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா பேரனிடம் போன் போடச் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் தோழிக்கோ, பட்டணம் போனதும் மறந்துவிட்டாள் என்று ரோஷம்.

கணவர் இறந்ததை நாங்கள் எல்லாரும் இழப்பு என்று எழுதினோம். சேக்காளி போனதை யாரும் எழுதவில்லை, ஏன், அம்மாவே அதை ஒரு இழப்பாகச் சொல்லிக்கொள்ளவில்லை, உயிரோடு இருக்கிறவளை இழந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது கட்ட முடிவுகள்

முதலில் ஒரு பட்டன் போன். மகனிடம் சொல்லி வாங்கினோம், 2ஐ அழுத்திப் பிடித்தால் தோழிக்குப் போகும்படி வைத்தோம். அதோடு ஒரு நிபந்தனை, அந்தப் பேச்சு வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். யார் காதுக்கும் பயப்படாமல் பேச முடியவில்லையென்றால் அந்தப் பேச்சால் பயன் இல்லை. அதற்கு அவர் தனியாக லிஃப்டில் கீழே இறங்கியாக வேண்டும். பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏற்றி இறக்கிப் பழக்கினான். சைக்கிள் பழகியவருக்கு லிஃப்ட் பெரிய விஷயமில்லை என்று நான் சொன்னதற்கு அம்மா லேசாகச் சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து, அம்மாவின் அனுமதியோடு தோழிக்கு நானே போன் செய்தேன். நான் யாரென்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அவளுக்கு என்னாத்தா ஆச்சு?" நிலைமையைச் சொல்லி, தினமும் கொஞ்ச நேரம் ஆறுதலாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தோழி அப்படிச் செய்யவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் போனில் சொன்ன முதல் விஷயம், குழுக் கணக்கு இடிக்கிறது என்பது. அம்மா ஊரை விட்டு வந்ததிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதிவேடு எழுதிவந்தாள், நோட்டில் இருப்பதைவிடக் கையில் 340 ரூபாய் குறைகிறது, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், நீ கொஞ்சம் பாருடி என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, தோழி ஒவ்வொரு வரியாக வாசிக்க, அம்மா பேரனின் பழைய நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர், வடக்குத் தெருவில் ஒருவர், குளத்தங்கரையில் ஒருவர். வடக்குத் தெருக்காரர் கட்டிய 340 ரூபாய் வட்டி இரண்டு பேர் பக்கத்திலும் ஏறியிருந்தது. குளத்தங்கரைக்காரர் தை மாதமே கடனை முடித்துவிட்டார், அவருக்கு வட்டி வரவே வழியில்லை. தை மாதக் கணக்கு அம்மா கையால் எழுதியது, அதனால் அது அவருக்கு நினைவில் இருந்தது. அந்த நோட்டை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். 340ஐச் சுற்றி பென்சில் வட்டம், தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டது.

தோழி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, வேலை கொடுத்தார். எட்டாம் வகுப்புப் படித்த தோழிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. உளவியலாளர்கள் டெசியும் ரையனும் மனிதருக்கு அடிப்படையான மனத் தேவைகள் என்று மூன்றைச் சொல்கிறார்கள்: தன் காரியத்தைத் தானே தீர்மானிப்பது, தன்னால் முடியும் என்று உணர்வது, தன்னைப் பொருட்படுத்தும் ஆட்களோடு பிணைந்திருப்பது. நான் மூன்றாவதை மட்டும் தனியாகப் பிடுங்கி மருந்து மாதிரி கொடுக்கப் பார்த்தேன். அவர்கள் சிநேகிதத்தில் மூன்றும் பிரிக்க முடியாமல் இருந்திருக்கிறது, கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிய நாளிலிருந்தே. பிடித்தவள் கையை விட்டதால்தான் ஓட்டியவள் ஓட்டினாள்.

மூன்றாவது, மகனோடும் மருமகளோடும் ஒரு சந்திப்பு. மகன் முதலில் கேட்டது, "நாங்க என்ன குறை வச்சோம் மேடம்?" இதற்குப் பதில் சொல்வதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. குறை வைக்கவில்லை, ஆனால் அவர் தீர்மானிக்கவும் செய்யவும் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை என்றேன். அம்மாவை ஊரில் விட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது மகனின் பயம். மருமகள்தான் உடைத்துப் பேசினார். அந்தப் போன் பேச்சு தனக்கு வலித்தது உண்மை, அதைவிட, பேரன் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீட்டில் அத்தை இருப்பது தங்களுக்குப் பெரிய உதவி, அவர் போய்விட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். அம்மாவுக்கு அது ஆச்சரியம். தான் அந்த வீட்டில் உதவியாக இருக்கிறோம் என்று யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

என்ன நடந்தது

கணவரின் முதல் திதிக்கு ஐப்பசியில் எல்லாரும் ஊருக்குப் போனார்கள், மற்றவர்கள் திரும்ப, அம்மா மட்டும் பத்து நாள் தங்கினார். குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்த இரண்டு வாரம் மறுபடி சோறு இறங்கவில்லை, மாத்திரை அளவைக் கூட்டலாமா என்று மருத்துவர் யோசித்தார், பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டோம், தானாகச் சரியானது. 2024 ஜனவரியில் படிவ மதிப்பெண் 8. அப்போதே அவர் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார், பள்ளி நடக்கும் மாதங்களில் சென்னை, கோடை விடுமுறையும் திருவிழாவும் ஊரில், பேரனையும் கூட்டிக்கொண்டு. இது முழுக்க அவர் போட்ட திட்டம், நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 2024இல் தோழி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அம்மா யாரையும் கேட்கவில்லை. ஊருக்கு ரயில் டிக்கெட் போடு என்று மகனிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்து வைத்தார். ஏழு வாரம் இருந்தார். மருமகள் சிரமப்பட்டார், பேரனைப் பள்ளி முடிந்ததும் ஒரு டியூஷனில் விட்டார்கள், செலவும் ஆனது, இதை மறைக்க வேண்டியதில்லை. ஊரிலும் எல்லாம் சுமுகமாக இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குச் செய்தே பழகிய தோழிக்கு, தலை வாரிவிட ஒரு ஆள் தேவைப்பட்டதைத் தாங்க முடியவில்லை. புது வங்கிக் கடன் வாங்கலாமா வேண்டாமா என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து மூன்று நாள் பேச்சு இல்லை, ஆனால் அந்த மூன்று நாளும் தலை மட்டும் வாரிவிட்டாராம். அந்த வருஷக் கடைசியில் மதிப்பெண் 5. மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

இதை நட்பால் நோய் தீர்ந்த கதையாக நான் சொல்லவில்லை. மருந்து இருந்தது, துக்கத்தின் முதல் வருஷமும் கடந்துபோனது, மகன் வீட்டிலும் நிறைய மாறியது, இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று ஒரு ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பட்டன் போன் வந்த பிறகுதான் அவர் சாப்பிட ஆரம்பித்தார் என்பது மருமகள் தேதி போட்டு எழுதி வைத்திருந்த தாளில் இருக்கிறது.

இனி மாற்றிக்கொள்வது

நெருங்கிய சிநேகிதம் யாரோடு என்று முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும், அந்தக் காலைக் கூட்டத்தில் அவர் பட்ட சங்கடமும் இருந்திருக்காது. சிநேகிதரையும் தகவல் தருபவராக, சம்மதத்தோடு, ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். மகனுக்குத் தெரியாத அம்மா ஒருத்தி இருந்தார், அவரைத் தோழிக்குத்தான் தெரியும். பெற்றோரை ஊரிலிருந்து கூட்டி வருவது பற்றி யோசனை கேட்கும் பிள்ளைகளிடம், வீடு நிலம் மருத்துவ வசதி எல்லாம் பேசிவிட்டு, அவர் தினமும் சாயங்காலம் யாரோடு உட்காருகிறார் என்றும் இப்போது கேட்கிறேன். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குக் கவலைதான். ஒரே ஒரு ஆளின் மேல் இவ்வளவு பாரம். தோழி விழுந்த அன்று அம்மா என்னிடம் போனில் பேசிய குரல் எனக்கு மறக்கவில்லை. இதை அவரிடமே எடுத்துப் பேசினேன். கீழே பெஞ்சில் தினமும் பக்கத்தில் வந்து உட்காரும், விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்த வாட்ச்மேன் மனைவியோடு இப்போது கொஞ்சம் பழக்கம் என்றார். எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், போன வாரம்தான் அந்தப் பெண் தன் மகளின் கல்யாணக் கடன் பற்றிச் சொன்னாராம். "இன்னும் சேக்காளி இல்லை தாயி. பாப்போம்."

எங்கள் அறையில் விவரப் படிவத்தின் முதல் பக்கத்தில், கணவர் பெயர் வரிக்குக் கீழே, கையால் ஒரு வரி சேர்த்து நகல் எடுத்து வைத்திருக்கிறோம். சேக்காளி பெயர், ஊர், கடைசியாகப் பேசியது எப்போது.